மறு: குளிர் பிளாஸ்மா என்ற சொல் பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

எலக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து பிரிந்து திரியும் வாயுவே பிளாஸ்மா. அதில் எலக்ட்ரான்கள் மட்டும் மிகச் சூடாக இருந்து, வாயு அதைவிடக் குறைந்த சூட்டில் இருந்தால் அது நான்-தெர்மல் (non-thermal) பிளாஸ்மா. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது.

> நான்-தெர்மல் பிளாஸ்மாவுக்குக் 'குளிர் பிளாஸ்மா' போதுமே? எளிதாகவும் இருக்கிறதே.

எளிதுதான் ஐயா. புண்ணை ஆற்றத் தோலின்மேல் பாய்ச்சும் பிளாஸ்மாவுக்கு அது நன்றாகவே பொருந்தும். அந்த வாயு கையைச் சுடாது. ஆனால் இந்த இழையில் நாம் பேசுவது, 2.45 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையால் காற்றிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு எடுக்கும் பிளாஸ்மாவைப் பற்றி. அழுத்தத்தைக் குறைத்து இயக்கினாலும் அதன் வாயு ஆயிரம் கெல்வினைத் தாண்டிவிடக்கூடும். அதைப் போய்க் குளிர் என்று மாணவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நுண்ணலையின் ஆற்றலை முதலில் வாங்கிக்கொள்பவை எலக்ட்ரான்கள். அவற்றின் வெப்பநிலை 10,000 கெல்வினுக்கும் மேலே போகும். வாயு வெகு கீழே நிற்கும். நைட்ரசன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். எலக்ட்ரான் அதை நேரே உடைப்பது அரிது. பெரும்பாலும் மூலக்கூறை அதிரத்தான் வைக்கிறது. அப்படி அதிரும் மூலக்கூறை ஓர் ஆக்சிசன் அணு தாக்கினால் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு நைட்ரசன் அணுவும் பிறக்கும். அந்த நைட்ரசன் அணு ஆக்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து இன்னொரு நைட்ரிக் ஆக்சைடைத் தந்து, ஆக்சிசன் அணுவையும் விடுவிக்கும். செல்டோவிச் வழிமுறை என்பது இதுதான். முதல் படிக்குத் தேவையான பெரிய ஆற்றலில் ஒரு பகுதியை அதிர்வே கொடுத்துவிடுவதால், வாயு முழுவதையும் சூடேற்ற வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை: இருவெப்பநிலைப் பிளாஸ்மா. 'இருவெப்பம்' என்று சுருக்கலாம்தான், ஆனால் வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்று பள்ளியிலேயே சொல்லித்தருகிறோம். நீளமானாலும் 'நிலை' இருக்கட்டும்.

இதற்கு ஓர் இணைச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது. 1905-இல் நார்வேயின் நோட்டோடனில் இயற்பியலாளர் பர்க்லாண்டும் பொறியாளர் ஐடேயும் மின்வில்லால் காற்றை எரித்து உரம் செய்தார்கள். அங்கே எலக்ட்ரானும் வாயுவும் ஏறக்குறைய ஒரே சூட்டில், 3,000 டிகிரியை ஒட்டி இருந்தன. அது ஒருவெப்பநிலைப் பிளாஸ்மா. அத்தனை மின்சாரம் செலவழித்தும் வெளிவந்த வாயுவில் நைட்ரிக் ஆக்சைடு நூற்றுக்கு 1 முதல் 2 பங்குதான். இரண்டு சொற்களையும் அருகருகே வைத்தாலே இன்றைய ஆய்வாளர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது விளங்கும்.

> இந்தத் துறைக்கே 'நைட்ரசன் ஆக்சைடு நீக்க வேதியியல்' என்று வைக்கலாமா?

வேண்டாம் அக்கா. புகைபோக்கி வாயுவிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை நீக்கவும் இந்தப் பிளாஸ்மாவைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள், உண்மைதான். நைட்ரசனில் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு மட்டும் கலந்திருந்தால், நைட்ரசன் அணு அதைத் தாக்கி மறுபடி நைட்ரசனாக்கிவிடும். அங்கே நீக்கம் சரி. அதே கலவையில் ஆக்சிசனைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நீக்கத்தைவிட ஆக்கம் மிஞ்சிவிடும். புகைபோக்கி வாயுவில் ஆக்சிசன் இருப்பதால் இது நடைமுறையிலும் பெரிய தலைவலி. எனவே 'நுண்ணலைப் பிளாஸ்மா வேதியியல்' என்று பொதுவாக வைப்போம். ஆக்கம், நீக்கம் இரண்டும் அதற்குள் அடங்கட்டும்.

'பிளாஸ்மா'வை 'அயனிமம்' ஆக்குவதில் எனக்கு மறுப்பில்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.

அப்புறம், இன்னும் ஒரு சொல் பாக்கி. உண்டான நைட்ரிக் ஆக்சைடு மெல்ல ஆறினால் திரும்பச் சிதைந்துவிடும். கண நேரத்தில் ஆற்றியாக வேண்டும். 'சடுதிக் குளிர்விப்பு' என்று எழுதி வருகிறேன். எஃகைத் தண்ணீரில் முக்கி ஆற்றும் பட்டறைகளில் இதற்கு என்ன சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், அது பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்வோம்.