தராசில் ஏமாந்த கதை, ஏமாற்றிய கதை: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

பசறை மகள்:

நாலு கிலோ. போன ஆகஸ்டிலிருந்து இது மனதில் கிடக்கிறது.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்றதும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் அரை ஏக்கர் தேயிலை வாங்கினார். ஊவாப் பக்கம் ஆகஸ்ட் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, காற்றும் வெயிலும். கொழுந்தைச் சாக்கில் போடும்போதே சலசலக்கும். கொழுந்து எடுக்கிற லொறி வந்தது, நிறுத்தார்கள். தராசில் 31, நானே பார்த்தேன். கொப்பியில் 27 விழுந்தது.

“என்ன தம்பி, நாலு கிலோவைக் காணோம்?”

“தண்ணிக்கு அக்கா.”

அப்பா ஒன்றும் பேசவில்லை. சாக்கில் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை எடுத்து இறுக்கிப் பிழிந்தார். அப்புறம் கையை விரித்து அந்தப் பையன் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளங்கையில் லேசாகப் பச்சைக் கறை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவன் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, “சைன் வைங்க மாமா” என்று கொப்பியை நீட்டினான். அப்பா வைத்தார்.

மாத முடிவில் வரும் துண்டில் விலையெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. தேயிலை விற்ற காசில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது அரசாங்கம் வைத்த கணக்கு. சரி, அந்தக் கணக்கை எதில் போடுவது, 31இலா, 27இலா?

பழைய லொறிக்காரன்:

தங்கச்சி கோபிக்கக் கூடாது. நான் எட்டு வருஷம் கொழுந்து லொறியில் போனவன். அந்த நாலு கிலோ தண்ணிக்கு வெட்டினது இல்லை, பயத்துக்கு வெட்டினது.

ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோ கொழுந்து வேண்டும். அப்படியென்றால் சாக்கில் இருப்பது பெரும்பாலும் தண்ணிதான். ஏற்றின நேரத்திலிருந்தே அது போய்க்கொண்டிருக்கும். காலையில் முதல் வீட்டில் ஏற்றின சாக்கு தொழிற்சாலைக்குப் போகும்போது பின்னேரம் ஆகிவிடும். அங்கே மறுபடி நிறுப்பார்கள். அவர்களும் ஈரம், முற்றல், சாக்கு என்று வெட்டுவார்கள். நான் எழுதினதற்கும் அவர்கள் எழுதினதற்கும் உள்ள வித்தியாசம் என் பையிலிருந்து போகும். அதனால் முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுவது. ஒருநாள் வெட்டி மிஞ்சினால் மிஞ்சினதுதான், திருப்பிக் கொடுத்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் லொறிக்காரனையே சொல்கிறீர்கள், இதையும் கேளுங்கள். ஒரு பாட்டியம்மா வீட்டில் தினமும் எட்டு, ஒன்பது கிலோதான் கிடைக்கும். ஒருநாள் 13 காட்டியது. எழுதிவிட்டு ஏற்றினோம். தொழிற்சாலையில் சாக்கைக் கவிழ்த்தால் டங்கென்று ஒரு சத்தம். அம்மிக் குழவி. எண்ணெய் மினுமினுக்கிற நல்ல பழைய குழவி. அங்கே நின்ற பெரிய கங்காணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மறுநாள் அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கிழவி வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்ல பிள்ளை, நேத்து முழுக்கத் தேடினேன், சம்பல் அரைக்க முடியல” என்றது. வேறு ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் எவ்வளவு வெட்டினேன் என்று ஞாபகமில்லை. வெட்டினேன்.

கொட்டகலை ராணி:

குழவிக் கதைக்கு எங்கள் லைன் வீடுகள் முழுக்கச் சிரிப்பு.

எங்களுடையது தோட்டத்துத் தராசு. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வந்த பிறகு நடந்தது. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், குறைந்தால் அரைப்பேர், பாதிதான். அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், ஆனாலும் மலைக்குப் போனார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பார்த்தால் பதினேழரை.

“அரைப்பேர்” என்று எழுதக் குனிந்தார்கள். பின்னால் வரிசையில் நின்ற அக்கா தன் கூடையிலிருந்து ரெண்டு கையாலும் அள்ளி அம்மா சாக்கில் போட்டார். திரும்ப அள்ளிப் போட்டார். நிறுக்கிற ஐயா அந்த நேரம் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மாட்டிக்கொண்டு பார்த்தால் 18.

அந்த அக்காவுக்கு அன்றைக்கு முழுப்பேர் விழுந்ததா என்று அம்மா கேட்கவில்லை. நானும் இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றுதான் யோசிக்கிறேன்.

போறணைக்காரன்:

நான் ஏமாந்தவன் இல்லை, ஏமாற்றினவன். பெயர் போடவில்லை, கடைப் பெயரும் வேண்டாம்.

2022. மா கிடைக்காது, கிடைத்தால் விலை கேட்க முடியாது. காஸ் இல்லை, நல்லவேளை எங்களுடையது விறகில் பாண் சுடுகிற போறணை. நம் ஆட்கள் றாத்தல் பாண் என்பார்கள், இப்போது கணக்குப்படி 450 கிராம். போறணையில் தண்ணி வற்றும், அதனால் வெந்து வரும்போது 450 நிற்க வேண்டும் என்றால் பிசைந்த மாவை 500 கிராமுக்கு மேல் வெட்ட வேண்டும். நான் 430 வெட்டினேன். அப்புறம் 400. அச்சு அதே அச்சு, ஈஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் பாண் பொங்கி நிற்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

ஒரு பெரியவர் தினமும் ரெண்டு பாண் வாங்குவார். அன்றைக்கு ஒன்றை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் வைத்துக்கொண்டு, தராசு மாதிரி ஏற்றி இறக்கிப் பார்த்தார். “இது றாத்தலா, முக்கா றாத்தலா தம்பி?” என்று கேட்டார். கடையில் ஏழெட்டுப் பேர். “மா விலை ஐயா” என்றேன். “விலை கேட்கலையே, நிறையைத்தானே கேட்டேன்” என்று சொல்லிவிட்டுக் காசைச் சரியாக எண்ணி வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார், வேறு போக்கிடம் கிடையாது, அந்தச் சந்தியில் நாங்கள்தான்.

விலையைக் கூட்டியிருக்கலாம், திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். 2024இல் பாண் நிறையை வர்த்தமானியில் போட்டு, கடைகளில் பரிசோதனைக்கு வந்தார்கள். அப்போது என் பாண் 450 இருந்தது. பெரியவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

கணக்கு மாஸ்டர்:

எனக்கும் ஒருமுறை டவுனில் கரட் கால் கிலோ குறைவாகக் கொடுத்தார்கள். அது கிடக்கட்டும். இங்கே எல்லாரும் கதை சொல்கிறீர்கள், யாரும் வழி சொல்லவில்லை.

வியாபாரத்துக்குப் பாவிக்கிற தராசை ஒவ்வொரு வருஷமும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்திடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். லொறியில் தொங்கும் தராசுக்கும் அது உண்டு. முத்திரை எந்த வருஷம் என்று பார்க்கலாம், பார்ப்பதற்கு யாருக்கும் அனுமதி தேவையில்லை. சந்தேகம் என்றால் கடையில் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் விற்கிறார்கள், சீல் உடைக்காததை அதே தராசில் தொங்கவிடுங்கள். போத்தலோடு சேர்த்து ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். நாலரை காட்டினால் பேச்சை ஆரம்பிக்கலாம். ஆனால் பசறை மகள் விஷயத்தில் தராசு சரி, கொப்பிதான் பிழை. அதற்குத் தராசு நிறை ஒரு கட்டத்தில், வெட்டினது ஒரு கட்டத்தில், காரணம் ஒரு கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். 27 என்று மட்டும் எழுதின இடத்தில் சைன் வைத்தால் நாமே 27 என்று ஒப்புக்கொண்ட மாதிரி. கொப்பி ரெண்டு பிரதி இருக்க வேண்டும், கார்பன் தாள் என்ன விலை? பாண் நிறை குறைந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் அடிக்கலாம். கொழுந்து என்றால் தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகார சபையின் பரிசோதகர் பிரதேசத்துக்கு இருப்பார், அந்த அதிகார சபையின் கீழ் ஊரில் சங்கமும் இருக்கும். கூட்டத்துக்குப் போவதில்லை, உரமானியம் வந்தால் மட்டும் போவது, பிறகு லொறிக்காரன் ஏமாற்றுகிறான் என்றால் எப்படி? அப்புறம் போறணைத் தம்பிக்கு: மன வருத்தம் நல்லதுதான், ஆனால் அன்றைய கணக்குக் கொப்பியை எடுத்து எத்தனை பாண் என்று பார்த்தால்...

(இன்னும் எழுதுவேன், பஸ் வந்துவிட்டது.)

வலப்பனை ஆறு வீடு:

மாஸ்டர், 1977க்கு அடிக்கலாம். மறுநாள் லொறி வராது. பறித்த கொழுந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வேகவைத்துச் சாப்பிடவா? முத்திரை பார்க்க அனுமதி தேவையில்லைதான், எங்கள் பாதைக்கு ஒரே ஒரு லொறி.

உங்கள் யோசனை எங்களுக்கும் வந்தது. ஆறு வீடு சேர்ந்து சீட்டுப் பிடித்து, அந்தக் காசில் சொந்தத் தராசு வாங்கினோம். எங்கள் வீட்டுத் திண்ணையில் கட்டித் தொங்கவிட்டோம். கொழுந்தை நாங்களே நிறுத்து, நாங்களே எழுதி, மொத்தமாக லொறியில் ஏற்றுவது. ஆறு வீட்டுக் கொழுந்து ஒரே இடத்தில் என்றால் லொறிக்காரனுக்கும் டீசல் மிச்சம். முதல் வாரம் முறைத்தான். ரெண்டாவது வாரம் வேறு ஒரு லொறியும் விலை கேட்டு வந்தது. அதோடு இவன் ஒரு கிலோவுக்கு மேல் வெட்டவில்லை. நாலு மாதம் ராஜா மாதிரி இருந்தோம்.

ஐந்தாவது மாதம் ஒரு காலை. நாங்கள் அஞ்சு வீடு திண்ணையில் நிற்கிறோம். ஆறாவது வீட்டு அண்ணன், தராசு வாங்கலாம் என்று முதலில் சொன்னவரே அவர்தான், தலையில் சாக்கோடு எங்கள் வாசல் வழியாகவே ரோட்டுக்குப் போகிறார். நிமிர்ந்து பார்க்கவில்லை. புது லொறிக்காரன் அவருக்கு மட்டும் கிலோவுக்கு அஞ்சு ரூபா கூடத் தருகிறேன் என்றிருக்கிறான். மகளுக்கு ஏ.எல். டியூஷன் காசு கட்ட வேண்டிய மாதம் அது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் கடன் கேட்டார். நான் இல்லை என்றேன்.

பிறகு ஒவ்வொருவராக. தராசு இன்னும் திண்ணையில் தொங்குகிறது. கோயில் திருவிழா என்றால் அரிசி நிறுக்கக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

பால் சங்கத்துப் பழைய செயலாளர்:

ரெண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் மாடு வளர்க்கிறவர்கள் சேர்ந்து வைத்த பால் சங்கம். காலையில் ஆறு மணிக்குப் பாலை அளந்து, பால்மானி விட்டுப் பார்த்து (தண்ணீர் கலந்திருந்தால் அதில் இலக்கம் குறையும்), கொம்பனி வண்டி வருவதற்குள் பெரிய கேனில் ஊற்ற வேண்டும். எல்லாருடைய பாலும் ஒரே கேனில். ஒருவர் தண்ணீர் கலந்தால் எல்லாருக்கும் விலை குறையும். ஆக, கண்டிப்பு என்பது என் வேலை. அப்படித்தான் நினைத்தேன்.

மேல் லயத்து வீடுகள், கீழ் லயத்து வீடுகள் என்று எட்டத்திலிருந்து வருகிற பாலுக்குப் பால்மானி 28, 29இல் நிற்கும். அத்தை வீடு சங்கத்துக்குப் பக்கத்து வீடு. அத்தை பாலுக்கு 24. ஒருநாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, நாலு நாள். நாலாம் நாள் வரிசையில் இருபது பேர் இருக்கும்போது, சொந்தக்காரி என்று விட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாதே என்று, அந்தப் பாலை வாங்கி வாசல் வடிகானில் ஊற்றினேன். ஏழு போத்தல். குளிரில் கான் முழுக்க ஆவி பறந்தது. அந்த ஆவிதான் இன்றைக்கும் கண்ணுக்குள்ளே நிற்கிறது, ஏனென்று சொல்கிறேன்.

அத்தை சண்டை பிடிக்கவில்லை. “நீயே ஊத்திட்ட” என்று மட்டும் சொன்னார். வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மாதமே மாட்டை விற்றுவிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து நுவரெலியாவில் ஒரு பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் ஒரே பாலை ரெண்டு குவளையில் எடுத்தார், ஒன்றை ஆறவிட்டார், ஒன்றைச் சூடாக வைத்தார். பால்மானி விட்டார். ஆறினதில் மேலே நின்றது, சூட்டில் இறங்கிப் போனது. கறந்த சூட்டோடு, நுரையோடு வருகிற பாலை அப்படியே பார்க்கக் கூடாது, ஆறவிட வேண்டும், வெப்பம் பார்த்துக் கணக்குக் கூட்ட வேண்டும் என்றார். பால்மானியிலேயே எந்த வெப்பத்துக்குச் செய்தது என்று போட்டிருக்கும் என்றார். எடுத்துப் பார்த்தேன், போட்டிருந்தது. ரெண்டு வருஷம் கையில் பிடித்த சாமான்.

மற்றவர்களுடைய பால் அரை மணி நேரம் குளிரில் நடந்து வரும். அத்தையுடையது வேலியைத் தாண்டி வரும்.

போய்ச் சொன்னேனா என்று கேட்பீர்கள். போனேன். தேத்தண்ணி கொடுத்தார், அங்கர் பால்மா போட்டு. குடித்துவிட்டு வந்தேன். சொல்லவில்லை.

கணக்கு மாஸ்டர்:

செயலாளர் தம்பி, இப்போதும் போகலாம். வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டு...

பழைய லொறிக்காரன்:

மாஸ்டர், கொஞ்சம் சும்மா இருங்கள்.

பசறை மகள்:

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குழவிக்கு வாய்விட்டுச் சிரித்தார். செயலாளர் எழுதினதை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னார். லொறிக்கார அண்ணன் எழுதினதற்கு, “பயத்துக்கு வெட்டினது, ம்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, “முந்தின வருஷம் மாரியில நானும் ரெண்டு தடவை சாக்குல வாளித் தண்ணி தெளிச்சிருக்கேன்” என்றார்.

“மாரியில மட்டுமா அப்பா?” என்று கேட்டேன்.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு, நாய் குரைக்கிறது என்று வெளியே போய்விட்டார். எங்கள் வீட்டில் நாய் இல்லை.