விடை சரி, புள்ளி எங்கே?

முள்ளியவளையிலிருந்து

இணைந்த கணிதத்தில் விடை சரியாக வந்தும் புள்ளி போன கதை உங்களிடமும் இருக்கும். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

உயர்தரத்துக்கு முந்தின முன்னோடிப் பரீட்சை. முதலாம் தாளில் 14ஆம் வினா, வழக்கம்போல வகையிடலும் வரைபும். எக்ஸை (எக்ஸ் − 1) இன் வர்க்கத்தால் வகுத்த சார்பு. பெறுதி, அதாவது வரைபு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் சரிவு, எக்ஸ் = −1 இல் பூச்சியம். "எனவே (−1, −1/4) இழிவுப் புள்ளி" என்று எழுதிவிட்டு வரைபுக்குப் போய்விட்டேன். அணுகுகோடு இரண்டும் சரி, வரைபும் சரி. தாள் திரும்பி வந்தபோது "எனவே"யைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"பூச்சியம் என்றால் இழிவா? உயர்வாக இருக்கக் கூடாதா?" என்று கேட்டார் சேர்.

"வரைபைப் பார்த்தால் தெரியும்தானே சேர்."

"வரைபை எதை வைத்துக் கீறினாய்?"

உண்மையில் பெறுதியின் குறியைப் பார்த்துத்தான் கீறினேன். ஓரத்தில் பென்சிலால் பார்த்துவிட்டு, தாள் துப்புரவாக இருக்கட்டும் என்று அழித்திருந்தேன். அழித்ததற்கு யார் புள்ளி தருவார்? −1க்கு இடப்பக்கம் பெறுதி மறை (−), வரைபு இறங்குகிறது; −1க்கும் 1க்கும் இடையில் நேர் (+), ஏறுகிறது. இந்த ஒரு வரிதான் குறை.

மல்லாவியிலிருந்து

எங்கள் சேர் இதற்குக் குளத்தைத்தான் இழுப்பார். "மாரியில் வவுனிக்குளத்து நீர்மட்டம் ஒரு நாள் ஏறாமல் நின்றது. இதுதான் இந்த வருசத்து உச்சம் என்று எழுதுவாயா? அடுத்த நாள் மழை பெய்து இன்னும் ஏறினால்?" எக்ஸின் கனம் பூச்சியத்தில் அப்படித்தான் நின்று, பிறகும் ஏறுகிறது. முதல் நாளும் அடுத்த நாளும் என்ன நடந்தது என்று சொல்லாமல் உச்சம் என்று சொல்லக் கூடாது. கமக்காரன் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. எனக்கும்தான், ஆனால் பரீட்சை முடிந்த பிறகு.

கிளிநொச்சியிலிருந்து

நான் இப்போது ரியூசன் வகுப்பில் படிப்பிக்கிறேன். காரணம் எழுதாத பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இப்போதைய தலையிடி வேறு: "மறையிலிருந்து நேராக மாறுகிறது, ஆகவே இழிவு" என்று எழுதுகிறார்கள். எது மாறுகிறது? சார்பா, முதற் பெறுதியா, இரண்டாம் பெறுதியா? சார்பே மறையிலிருந்து நேராக மாறினால் அது அச்சை வெட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் பெறுதி குறி மாறினால் விபத்திப் புள்ளி, வரைபு வளைகிற பக்கம் மாறும் இடம். தமிழில் எழுவாய் இல்லாமலே பேச்சு ஓடிவிடும். "சந்தைக்குப் போயிட்டார்" என்றால் யாரென்று வீட்டில் விளங்கும். தாள் திருத்துகிறவர் நம் வீட்டு ஆள் இல்லையே. ஒரு பிள்ளையிடம் "எது?" என்று கேட்டேன். "அதுதான் சேர், அது" என்றாள்.

"இரண்டாம் பெறுதி பூச்சியம், ஆகவே விபத்திப் புள்ளி" என்பதும் அடிக்கடி வரும். எக்ஸின் நாலாம் அடுக்கைப் பாருங்கள்: பூச்சியத்தில் இரண்டாம் பெறுதி பூச்சியம்தான், ஆனால் அங்கே இருப்பது இழிவு.

வவுனியாவிலிருந்து

நான் மறுகரைக்குப் போனவன். காரணம் எழுதச் சொன்னார்கள் என்று ஒவ்வொரு திரும்பற் புள்ளிக்கும் அரைப் பக்கக் கட்டுரை எழுதினேன். மூன்று மணித்தியாலத்துக்குள் சின்ன வினா பத்து, பெரிய வினா ஐந்து. கடைசிப் பெரிய வினாவைத் தொடவே இல்லை, 150 புள்ளி அப்படியே போனது. பிறகு ஓர் அக்கா தன் பழைய கொப்பியைத் தந்தார். குறிகளுக்கு மூன்று கட்டத்தில் ஓர் அட்டவணை, கீழே "முதற் பெறுதி −1 இல் மறையிலிருந்து நேராக மாறுவதால் அங்கே ஓரிட இழிவு". வேறொன்றும் இல்லை. நான் அரைப் பக்கத்தில் சொன்னதும் அதைத்தான்.

முள்ளியவளையிலிருந்து

அந்தக் கொப்பியைப் படம் எடுத்துப் போடுங்கள் அண்ணா. தம்பிக்கு அடுத்த வருசம் பரீட்சை. அவனும் பென்சிலால் எழுதி அழிக்கிற ஆள்தான்.