சாதி சொல்லித் திட்டுவதும் பேச்சுரிமையா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கார்முகில்:
பிசிஆர் கேஸ், அதாவது எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போடும் கேஸ் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்ரைசல் நேரம், மேனேஜர் கேபினுக்குள் கூப்பிட்டார், பேச்சு எப்படியோ கோட்டாவுக்குப் போய், என் சாதிப் பெயரைச் சொல்லி "உங்க ஆளுங்களுக்கு இதுவே அதிகம்" என்றார். பக்கத்தில் இருந்த ஹெச்ஆர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏம்மா, கேபின் கதவு சாத்தியிருந்துச்சா, திறந்திருந்துச்சா?" சாத்தியிருந்தது, ஆனால் கண்ணாடிக் கதவு சார் என்றேன். பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் எஃப்ஐஆர் போடாமல், புகார் வந்ததற்கான ரசீதான சிஎஸ்ஆர் மட்டும் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார். பொதுப் பார்வையில் படும் இடத்தில் திட்டினால்தான் இந்தக் கேஸ் நிற்குமாம். வெளியே இருப்பவர்கள் பார்க்கலாம், ஆனால் எதுவும் காதில் விழாது. அது பொதுப் பார்வையா இல்லையா? இன்றைக்கும் அந்தக் கதவைத் தாண்டித்தான் என் சீட்டுக்குப் போகிறேன்.

வரப்பு:
மேலே எழுதியவருக்கு நடந்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. என் மச்சான் நிலத் தகராறில் நாலு வார்த்தை பேசிவிட்டார், எதிராளி பிசிஆர் போட்டுவிட்டான். 18ஆம் பிரிவுப்படி முன்ஜாமீன் கிடையாது என்று வக்கீல் சொன்னதும் வீட்டில் ஒரே அழுகை. லாரி ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நான் ராத்திரி சாப்பாடு கொண்டுபோனபோது டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துப் போலீஸ் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். வாய் வார்த்தைக்கு இவ்வளவா? கை வைத்தால் கேஸ் போடுங்கள், பேசினதுக்கெல்லாம் ஜெயில் என்றால் பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) எதற்கு? இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது, முதலில் விசாரித்துப் பாருங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2018 மார்ச்சில் சொன்னது. ஓட்டுக்காக அதே வருஷம் திருத்தம் கொண்டுவந்து அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

ஈசல்:
@வரப்பு பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2020 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மேலோட்டமாகப் பார்த்தாலே குற்றம் இல்லை என்று தெரிகிற வழக்கில் முன்ஜாமீனுக்குத் தடையில்லை என்றும் சேர்த்தே சொன்னது. 19(1)(அ)வுக்குக் கீழே, அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று 19(2) ஒன்று இருக்கிறது, அதையும் படியுங்கள். பேச்சுரிமைக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன். மழையில் முங்கிய சுரங்கப்பாதையில் ஒரு மந்திரியைப் படகில் உட்காரவைத்து மீம் போட்டேன். இரு பிரிவினரிடையே பகையை மூட்டினேனாம், 153ஏ என்று சொல்லி ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். எந்த இரு பிரிவு, தண்ணீரும் மந்திரியுமா? என் போனை வாங்கிப் பார்த்த ஏட்டையா குபீரென்று சிரித்துவிட்டார், சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை எழுதியும் வைத்துக்கொண்டார். ஆன்லைன் பதிவுகளுக்குக் கேஸ் போடப் பயன்பட்ட ஐடி சட்டத்தின் 66ஏவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்த பிறகும் அதில் கேஸ் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள்தானே, 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ந்துபோனது. இப்போது பழைய தண்டனைச் சட்டத்தின் 153ஏ போய், புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 196 வந்திருக்கிறது. மந்திரியைக் கிண்டல் செய்வதையும், கீழே வேலை பார்ப்பவரைச் சாதி சொல்லித் திட்டுவதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பழையபேப்பர்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம், வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது ஓனர் முகத்துக்கு நேரே சாதி கேட்டார், படியிறங்கி வந்துவிட்டேன். அதை விடுங்கள். @கார்முகில் அக்கா, அறைக்குள் நடந்தது என்றால், பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதற்கான வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(ஆர்) நிற்பது கஷ்டம். 2025 ஜனவரியில் நம் திருச்சி மாவட்ட வழக்கு ஒன்றிலேயே, அரசு அலுவலக அறைக்குள் திட்டியது பொதுப் பார்வையில் வராது என்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்துவிட்டது. ஆனால் உங்கள் கேஸில் ஹெச்ஆர் உள்ளேயே இருந்திருக்கிறார், அவரை வெளி ஆளாகக் கணக்கில் எடுக்க முடியுமா என்று நல்ல வக்கீலிடம் கேளுங்கள். எஃப்ஐஆர் போட மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173(4)படி எஸ்பிக்குத் தபாலில் புகார் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரி மீது வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது, புகாரில் அதையும் ஒரு வரி எழுதுங்கள். கேஸ் பதிவானால் டிஎஸ்பிதான் விசாரிக்க வேண்டும், எஸ்ஐ வந்தால் விடாதீர்கள். ஹெச்ஆருக்கு இன்றே ஒரு மெயில் போட்டு அன்று நடந்ததை அப்படியே எழுதுங்கள், பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. ஆடியோ ஏதாவது இருந்தால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய சான்றிதழ் இல்லாமல் கொடுக்காதீர்கள், பழைய சட்டத்தின் 65பிதான் அது.

கார்முகில்:
நன்றி தம்பி, ஆடியோவெல்லாம் இல்லை. சட்டம் கேட்டு எழுதவில்லை, மனசில் கிடந்ததை எழுதினேன், அவ்வளவுதான். @வரப்பு, உங்கள் மச்சான் பேசிய அந்த நாலு வார்த்தை என்ன என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

வரப்பு:
கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.