புதுப்பிப்பு: உடல் கூச்சமும் தாம்பத்தியமும்

மார்பும் வயிறும் பருத்த கூச்சத்தால் மனைவியின் முன் சட்டையைக் கழற்றவே தயங்குகிறேன், விறைப்பும் பாதியில் தளர்கிறது என்று மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன்.

பின்னர் சேலத்தில் பாலியல் மருத்துவர் ஒருவரைச் சந்தித்தேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எல்லாம் சீராகவே இருந்தன. உறவின்போது மனம் தன் உடலைத் தானே வேடிக்கை பார்க்கும் பார்வையாளராக மாறிவிடுவதை அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-லேயே விவரித்திருக்கிறார்கள் என்றும், அந்தப் பதற்றத்தில் மிகும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஆணுறுப்பின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி விறைப்பைக் குலைக்கிறது என்றும் அவர் விளக்கினார்.

சில வாரங்கள் உடலுறவைத் தவிர்த்து, தொடுதலை மட்டும் பழகச் சொன்னார். ஏற்காடு ஏரிக்கரையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் விலகியதைத் தன் மீதான வெறுப்பென்று எண்ணி அவள் அழுதிருக்கிறாள். எடை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. பயிற்சியைத் தொடர்கிறோம்.