வேப் திரவத்தில் பழச் சுவை மங்கிப்போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சிகரெட்டை விட்டபிறகு வேப் (மின் சிகரெட்) திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்கிறேன். நிகோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மி.லி.க்கு 3 மி.கி. வரை வந்தாயிற்று. அடுத்தது பூஜ்யம்தான்.

அடிப்படைத் திரவம் கிளிசரின் 70, புரொப்பிலீன் கிளைக்கால் 30 என்ற விகிதம். எல்லாம் தராசில்தான். கிளிசரின் ஒரு மி.லி. 1.26 கிராம், கிளைக்கால் 1.04 கிராம். சிரிஞ்சில் எடுத்தால் கெட்டிக் கிளிசரின் உள்ளே ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும்.

சிக்கல் சுவையில். ஸ்ட்ராபெரி எசென்ஸ் 8 சதவீதம் விடுகிறேன். கலந்தவுடன் மணம் தூக்கலாக இருக்கிறது. இருட்டில் வைத்து ஊறவிட்டால் பழ வாசனை போய், வெறும் இனிப்புதான் நாக்கில் நிற்கிறது. வனிலா கஸ்டர்டோ நேர்மாறு, ஊற ஊறத்தான் ருசி. எசென்ஸைக் கூட்டலாமா, இல்லை பழச் சுவையை ஊறவிடாமலே பயன்படுத்தலாமா? அப்புறம், நிகோட்டின் இல்லாமல் போனால் தொண்டையில் அந்தப் பிடிப்பும் போய்விடுமே, கிளைக்காலைக் கூட்டினால் ஈடாகுமா?

எண்ணெய் கலந்த எசென்ஸை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகவே கூடாது. டையசெட்டைல் (வெண்ணெய் மணம் தரும், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதலான வேதிப்பொருள்) சேராத கஸ்டர்டு எசென்ஸ் எதுவும் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.