லேப் போட்டோ மேல ஸ்டாம்ப் குத்தினா மை காய மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

கோலப்பொடி:
ஹாய் தோழிகளே, பொண்ணோட காதுகுத்து போட்டோஸ் வச்சு ஆல்பம் பண்ணிட்டிருக்கேன். எல்லாம் 4x6, லேப்ல போட்ட கிளாஸி பிரிண்ட். ஓரத்துல மாங்கா டிசைன் ஸ்டாம்ப் குத்தலாம்னு எக்ஸ்ட்ரா காப்பி ஒண்ணுல ட்ரை பண்ணா மறுநாள் தொட்டாலும் விரல்ல ஒட்டுது, அதே இங்க் பேட் பேப்பர்ல சூப்பரா வருது. இதுக்குன்னு தனி மை இருக்கா? பாட்டியோட பழைய பிளாக் அண்ட் ஒயிட் படம் ஒண்ணையும் இதே மாதிரி பண்ண ஆசை.

மைக்கூடு:
உங்க பேட் அனேகமா பிக்மென்ட் இங்க், அது பேப்பருக்குள்ள ஊறித்தான் காயும். லேப் பிரிண்ட்ல காகிதத்துக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் கோட்டிங் இருக்கு, அப்புறம் எங்க ஊறும், மேலயே நிக்கும். சால்வென்ட் மை வாங்குங்க, அது ஊறாம ஆவியாகியே காயுற மை, ஸ்டேஸ்ஆன் (StazOn)னு ஒரு பிராண்ட் கிடைக்கும், கண்ணாடி மேலயே பிடிக்கும், சீக்கிரம் காஞ்சிடும். வெள்ளை கலர் கூட இருக்கு, போட்டோல டார்க்கா தெரியுற பட்டுப்புடவை மேல குத்தினா அள்ளும்! வாடை அடிக்கும், ஜன்னலை திறந்து வைங்க, பேடை உடனே மூடிடுங்க. கிளாஸில ஸ்டாம்ப் வழுக்கும், நேரா வச்சு லேசா அழுத்தி அப்படியே நேரா தூக்குங்க, ஆட்டாதீங்க. ஸ்டாம்பை கழுவ இந்த மைக்குன்னு இருக்கிற கிளீனர்தான் வேணும். சிலிகான் மாதிரி இருக்கிற கிளியர் ஸ்டாம்பை விட ரப்பர் ஸ்டாம்ப் இதுக்கு தாங்கும்.

பழைய_ஆல்பம்:
சிஸ்டர், பாட்டி படத்துல தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. அதை ஸ்கேன் பண்ணி மேட் (பளபளப்பு இல்லாத) பேப்பர்ல பிரிண்ட் போட்டு அதுல குத்துங்க, மேட்ல பிடிமானமும் நல்லா இருக்கும். வீட்டு இங்க்ஜெட்ல எடுத்தா ஒரு நாள் காயவிட்டுட்டு அப்புறம் குத்துங்க, ஈரமான மை பட்டா சிலதுல கலர் கசியும்.

நூல்கண்டு:
எனக்கு ரொம்ப பிடிச்ச டெக்னிக் ஒண்ணு சொல்றேன். பாப்பா உருவத்தை ஸ்டிக்கி நோட்ல அளவா வெட்டி, பசை இருக்கிற பக்கம் படியுற மாதிரி அவ மேல ஒட்டிட்டு, பின்னாடி இருக்கிற சுவர், வானம் முழுக்க ஸ்டாம்ப் குத்துங்க, பாதி டிசைன் நோட் மேலயும் ஏறட்டும். மெதுவா உரிச்சா டிசைனுக்கு முன்னாடி பாப்பா நிக்கிற மாதிரியே வரும். முகம் ஓரத்துல வெட்டுறதுதான் பொறுமை கேட்கும், முடியை ஒவ்வொண்ணா வெட்டாம மொத்தமா வளைச்சு வெட்டுங்க.

கோலப்பொடி:
தேங்க்ஸ் பா எல்லாருக்கும்! ஸ்கேன் பண்ணித்தான் செய்வேன். ஈர மை மேல தூவி சூடு காட்டினா உருகி மேடா நிக்குமே, அந்த கோல்டு எம்பாசிங் பவுடர் போட்டா என்கிட்ட இருக்கிற பழைய மையிலயே சமாளிக்கலாமா?

மைக்கூடு:
சமாளிக்கலாம், மெதுவா காயுற மை அதுக்கு வசதிதான். ஆனா முதல்ல போட்டோவ காஞ்ச பிரஷ்ல டால்கம் பவுடர் தொட்டு லேசா துடைங்க, இல்லன்னா தங்கப்பொடி முகம் பூரா ஒட்டிக்கும். ஹேர் டிரையர் வேணாம், சூடு பத்தாது, பொடியையும் ஊதி விட்டுடும். ஹீட் கன்ல (ரொம்ப சூடான காத்து அடிக்கிற கருவி) தூர இருந்து ஆட்டிக்கிட்டே காட்டுங்க, ஒரே இடத்துல நிறுத்தினா போட்டோ சுருண்டு கொப்புளம் வரும், பொடி மினுமினுன்னு உருகின உடனே எடுத்துடுங்க.