உதவி தேவை: லேப்டாப் ஹார்டுடிஸ்கில் மஞ்சள் எச்சரிக்கை, டாலி டேட்டாவைக் காப்பாற்றுவது எப்படி?

வரவுசெலவு:
வணக்கம். லேப்டாப்பில் இருப்பது 1 டிபி, 2.5 அங்குல ஹார்டுடிஸ்க். விண்டோஸ் 10 ப்ரோ. மூன்று நாளாக டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்றே நிற்கிறது. டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) திறக்க நாலு நிமிடம் ஆகிறது. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தால் மஞ்சளில் 'காஷன்'. 'ரா வேல்யூ' பத்தியில் 05-க்கு நேரே பூஜ்யம், சி5-க்கு நேரே 000000000018, சி6-லும் அதே 18. வித்தியாசமான சத்தம் எதுவும் இல்லை.

காப்பாற்ற வேண்டியவை: டாலி டேட்டா (1 ஜிபிக்குள்), அவுட்லுக் பிஎஸ்டி (மெயில்கள் இருக்கும் ஃபைல்) 12 ஜிபி, ஸ்கேன் செய்த பில்களும் போட்டோக்களும் சேர்ந்து 130 ஜிபி. பேக்கப் என்று இருப்பது பல மாதம் முந்தைய பென்டிரைவ் காப்பி ஒன்றுதான். இப்போது முதலில் எதைச் செய்வது? இனி இப்படி மாட்டாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்வது?

கேபிள்மணி:
கமாண்ட் பிராம்ப்டில் செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்க சார். ராத்திரி முழுக்க ஓடும், காலையில் சரியாகிவிடும்.

தட்டுச்சுழல்:
மணி, தப்பா நினைக்காதீங்க, இந்த நிலைமையில் செய்யவே கூடாதது அதுதான். செக்டிஸ்க் காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்கை. உள்ளே இருக்கும் டேட்டா அதற்கு இரண்டாம் பட்சம். 'ஆர்' போட்டால் 1 டிபியையும் மூலைமுடுக்கு விடாமல் படிக்கும், படிக்க முடியாத க்ளஸ்டரைக் கெட்டது என்று குறித்து ஒதுக்கும், உறவறுந்த துண்டுகளை 'ஃபவுண்ட்.000' ஃபோல்டரில் கொட்டும். சாகப்போகிற டிஸ்கில் இவ்வளவு படிப்பும் எழுத்தும் எதற்கு?

வரவுசெலவு, ஏற்கெனவே ஷெட்யூல் பண்ணியிருந்தால் அடுத்த முறை ஆன் ஆகும்போது வரும் கவுன்ட்டவுனில் ஏதாவது ஒரு கீயைத் தட்டி நிறுத்துங்க.

உங்க எண்ணைப் பார்ப்போம். அந்த 18 ஹெக்ஸாடெசிமல் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை), நம் சாதாரணக் கணக்கில் 24. சி5 என்பது 'படிக்க முடியவில்லை, ஆனால் இன்னும் முடிவெடுக்கவில்லை' என்று டிஸ்க் நிறுத்தி வைத்திருக்கும் செக்டர்கள் (டேட்டா எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்). 512 பைட் கணக்கில் 24. இப்போதைய டிஸ்க்குகளில் உள்ளே 4 கேபி செக்டர் என்பதால் நிஜத்தில் 3 இடம். டிஸ்க் 100% நிற்பதும் இதனால்தான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று பல விநாடி அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்று. அந்த இடத்தில் புதிதாக எழுதினால் சி5 குறைந்துவிடும். ஃபுல் ஃபார்மேட் போட்டு '24 பூஜ்யமாகிவிட்டது, டிஸ்க் நல்லா இருக்கு' என்று விற்பவர்கள் உண்டு. கவனம்.

கேபிள்மணி:
சரிங்க, ஒத்துக்கிறேன். அப்போ விண்டோஸிலேயே காப்பி பேஸ்ட் பண்ணலாமா?

தட்டுச்சுழல்:
வேண்டாம். அந்த டிஸ்கிலிருந்தே விண்டோஸ் பூட் ஆனால் பேஜ்ஃபைல், இன்டெக்ஸிங், அப்டேட் என்று சும்மாவே எழுதிக்கொண்டிருக்கும். லேப்டாப்பை ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் பண்ணுங்க. அப்போதுதான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லாமல் முழுசாக அணையும். வேறொரு கம்ப்யூட்டரில் பென்டிரைவில் லைவ் உபுண்டு (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) தயார் பண்ணி, அதிலிருந்து பூட் ஆகி, 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்க. இன்ஸ்டால் பக்கம் போகவே கூடாது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ப்ரோ பதிப்பு என்பதால் பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்க. இருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீயை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்க. பயாஸில் செக்யூர் பூட்டைத் தொட்டாலே விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் எந்த இமேஜும் (டிஸ்கை அப்படியே ஒரே ஃபைலாக எடுக்கும் நகல்) வெறும் குப்பை.

வெளி டிஸ்க் 2 டிபி வாங்குங்க. 130 ஜிபிக்கு 2 டிபி எதற்கு என்றால், எடுக்கப்போவது முழு டிஸ்கின் இமேஜ். 1 டிபி டிஸ்கின் இமேஜ் இன்னொரு 1 டிபி டிஸ்கில் ஃபைலாக அடங்காது. ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் எழுத முடியாது, அதனால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் போதும். யுஎஸ்பி 3 போர்ட்டில் விநாடிக்கு 100 எம்பி கிடைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். யுஎஸ்பி 2 என்றால் எட்டு மணி நேரமாவது ஆகும்.

ஊசிமுனை:
தட்டுச்சுழல் சொல்வது சரி, ஆனால் வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து. முதலில் டாலி ஃபோல்டரை மட்டும் காப்பி எடுங்க, பிறகு இமேஜ். 1 ஜிபிக்கு ஒரு சில நிமிடம்தான். இமேஜ் எடுக்கும்போது பாதியில் டிஸ்க் செத்தால், டாலி அந்த மிச்சப் பாதியில் மாட்டிக்கொள்ளலாம்.

டாலிபிரைமில் டேட்டா வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டாலிபிரைம், டேட்டா என்ற பாதையில் இருக்கும். உள்ளே 10000, 10001 என்று எண் பெயரில் ஃபோல்டர்கள். ஒரு எண் ஒரு கம்பெனி. மொத்த டேட்டா ஃபோல்டரையும் எடுங்க.

பிறகு டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்கிலிருந்து இமேஜ் எடுக்கும் புரோகிராம். உபுண்டுவில் அது தனியாக நிறுவ வேண்டிய பேக்கேஜ், பெயரின் முன்னால் ஒரு 'ஜி' சேரும். கமாண்டில் முதலில் பழைய டிஸ்க், அடுத்து இமேஜ் ஃபைலின் பெயர், மூன்றாவது மேப் ஃபைல் (எதைப் படித்தது, எதை விட்டது என்ற குறிப்பு). முதல் ஓட்டம் 'டி', 'என்' ஆப்ஷன்களோடு. நல்ல இடங்களை வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்விடும். இரண்டாம் ஓட்டம் 'டி', 'ஆர்3'. விட்டுப்போன இடத்தை மட்டும் மூன்று முறை முயலும். மேப் ஃபைலின் பெயரை இரண்டு ஓட்டத்திலும் மாற்றாதீங்க. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அதனால்தான்.

டிடிரெஸ்க்யூ 'ஃபோர்ஸ் ஆப்ஷன் வேண்டும்' என்று சொன்னால் உடனே கையை எடுங்க. இமேஜ் ஃபைலாக எழுதும்போது அது தேவையே இல்லை. கேட்கிறது என்றால் எழுதும் இடத்தில் ஒரு டிஸ்கின் பெயரைக் கொடுத்திருக்கிறீங்க, அநேகமாக வரிசையை மாற்றி.

நடுவில் 'டக்... டக்... டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்து, டிஸ்க் நின்று மறுபடி சுழல ஆரம்பித்தால் பவரை எடுத்துவிடுங்க. அது ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) பழுது. அதற்கு மேல் டேட்டா ரிக்கவரி ஆய்வகம்தான். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

வரவுசெலவு:
ரொம்ப நன்றி. டாலி ஃபோல்டர் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. பிட்லாக்கர் இல்லை. இரண்டு ஓட்டமும் முடிந்தது, மீட்காத அளவு 28,672 பைட். இமேஜை எதில் திறப்பது? எந்த ஃபைல் அடிபட்டது என்று எப்படித் தெரியும்?

தட்டுச்சுழல்:
28,672 என்றால் 4 கேபி செக்டர் ஏழு. நேற்று தெரிந்தது மூன்று, இன்று ஏழு, பழுது பரவியிருக்கலாம். நல்ல நேரத்தில் எடுத்தீங்க.

விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் போதும், இமேஜை அதில் திறந்து என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனுக்குள் போய் வேண்டியதை வெளியே எடுக்கலாம். முதலில் பிஎஸ்டியைச் சோதியுங்க. பெரிய ஃபைல் என்பதால் அடிபட வாய்ப்பு அதிகம். அவுட்லுக் முரண்டு பிடித்தால் ஆபீஸோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டுங்க. ஒரிஜினலில் ஓட்டாதீங்க, ஒரு காப்பியில் ஓட்டுங்க. டாலியில் ஒவ்வொரு கம்பெனியையும் திறந்து, டிரையல் பேலன்ஸைப் பழைய பிரிண்ட்டோடு ஒப்பிடுங்க.

வரவுசெலவு:
பிஎஸ்டி திறக்கிறது, டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகிறது. ஒரே ஒரு போட்டோவில் பாதி சாம்பலாக இருக்கிறது, போகட்டும். புதிதாக 500 ஜிபி எஸ்எஸ்டி போடுகிறேன். கிளவுடில் சிங்க் பண்ணிவிட்டால் போதும்தானே?

ஊசிமுனை:
போதாது. சிங்க் என்பது பேக்கப் இல்லை. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவ் டிராஷில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். எஸ்எஸ்டியை நம்பியும் உட்காராதீங்க. ஹார்டுடிஸ்க் முனகிவிட்டுச் சாகும், எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போகும்.

இரண்டு வெளி டிஸ்க் வைத்துக்கொள்ளுங்க. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. எடுத்து முடித்ததும் கழற்றி, ஒன்றை வேறு இடத்தில் வையுங்க. மாட்டியே கிடக்கும் டிஸ்கை ரான்சம்வேரும் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) சேர்த்துப் பூட்டிவிடும். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி ஆன் பண்ணினால் டிஸ்க் மாட்டியிருக்கும்போது மணிக்கு ஒரு முறை மாறிய ஃபைல்களை எடுக்கும், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். ஆனால் டாலியின் டேட்டா ஃபோல்டர் அதில் தானாக வராது, 'ஆட் எ ஃபோல்டர்' கொடுத்துச் சேர்க்கணும். பிஎஸ்டியை அவுட்லுக் மூடிய பிறகு காப்பி எடுங்க, திறந்திருந்தால் பூட்டிக்கிடக்கும். ரோபோகாப்பி (விண்டோஸின் காப்பி கமாண்ட்) தெரிந்தவர் யாராவது 'மிர்' ஸ்விட்ச் போட்டுக் கொடுத்தால் யோசிங்க. மூலத்தில் இல்லாததை அது பேக்கப்பிலும் அழித்துவிடும்.

மாதம் ஒரு முறை ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரில் வேண்டாம். டாலியில் அதே இடத்துக்கு ரீஸ்டோர் கொடுத்தால் இருப்பதன்மேல் பழையது ஏறிவிடும். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் கொடுங்க.

வரவுசெலவு:
செய்கிறேன். பழைய டிஸ்கை என்ன பண்ணலாம்? கேஸ் ஒன்று வாங்கிப் போட்டு சினிமா வைக்கலாமா?

தட்டுச்சுழல்:
சினிமாவுக்கும் ஆகாது. இந்த வருடத்து ஆடிட் முடியும்வரை தேதி எழுதி அலமாரியில் வையுங்க, பவர் கொடுக்காதீங்க. அதற்கப்புறம் உள்ளிருக்கும் தட்டில் துளை போட்டுவிட்டு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்க. சில 2.5 அங்குல டிஸ்குகளில் தட்டு கண்ணாடி, சுக்குநூறாகச் சிதறும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு செய்யுங்க.